அக்கரை மாட்டிய தூண்டில்

முதலில் ஒரு விடுகதை. ஒரு முனையில் கை, மறு முனையில் வாய், நடுவில் வயிறே கிடையாது; சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும், பாரம் வந்தால் வளையும். அது என்ன? நிதானமாக யோசியுங்கள். முத்தரைக்குடியில் இதைக் கேட்டால் யாரும் யோசிக்காமல் "ஜெராக்ஸ் கடை தியோடர்" என்று சொல்லிவிடுவார்கள். தியோடரிடமே கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். அவருடைய மனைவி ஹெலன் மட்டும், "வயிறு இல்லன்னு யாரு சொன்னா?" என்று அந்த விடையை ஒத்துக்கொள்ள மாட்டாள். சரியான விடை தூண்டில் கோல். ஆனாலும் ஊரார் சொன்ன விடை எவ்வளவு பொருத்தம் என்று தெரிய வேண்டுமானால் நடந்ததைக் கேட்க வேண்டும்.

முத்தரைக்குடி ஒரு காயலின் கீழ்க்கரையில் இருந்தது. அங்கே வலை வீசி மீன் பிடித்தார்கள், கூடு வைத்துப் பிடித்தார்கள், பெண்கள் முட்டளவு சேற்றில் நின்று கையால் தடவியே பிடித்தார்கள், பிடித்தவர்கள் யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. மீனைப் பற்றிப் பேசியவர் தியோடர் ஒருவர்தான். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் கைபேசியில் பார்த்துப் பார்த்து, எந்த மீனுக்கு எந்தக் கோல், எந்தக் கோலுக்கு எந்த நூல் என்று அவர் கரைத்துக் குடித்திருந்தார். அவர் ஆசைப்பட்டது ஒரே மீனுக்கு. கொடுவா. வெள்ளி உடம்பும் பொன் கண்ணும் கொண்டு, தண்ணீருக்கடியில் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் பின்னால் ஒளிந்திருந்து, இரை பக்கத்தில் வந்ததும் பெட்டி திறப்பதுபோல் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும் மீன். பதினான்கு வருடத்தில் அவருடைய தூண்டிலில் மாட்டியவை இவை: ஒற்றைச் செருப்பு மூன்று, குடை ஒன்று, தென்னை மட்டை கணக்கில்லை, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேலை ஒன்று, அவருடைய சொந்தச் சட்டைக் காலர் பல தடவை. கொடுவா மாட்டவில்லை.

அவருக்கு ஒரு மகள், பிரிஸ்கா, வயது ஒன்பது. அவள் படித்த பள்ளிக்கூடம் மேல்கரையில், புன்னைவிளை என்ற ஊரில் இருந்தது. தினமும் காலையில் மரியதங்கத்தின் தோணியில் காயலைக் கடக்க வேண்டும், கடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முத்தரைக்குடிப் பிள்ளைகள் எல்லாரும் தனியாகத்தான் தோணி ஏறினார்கள், பிரிஸ்காவோடு மட்டும் அப்பாவும் ஏறினார். பாசம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பாசமும் இருந்தது, ஆனால் ஓடும் தோணியிலிருந்து யாரும் எழுந்து போய்விட முடியாது என்பதுதான் முதல் காரணம் என்பது தியோடருக்குத் தெரியும்.

"மக்களே, பவர்னா என்னன்னு கேட்டா," என்று தோணி கரையை விட்டதும் ஆரம்பிப்பார், "கோலு எவ்வளவு பாரத்துக்கு வளையத் தொடங்கும்கதுதான் பவரு." பிறகு லைட் கோல், சின்ன மீனுக்கு, தொட்டால் வளையும். அடுத்தது மீடியம், ரப்பர் புழு போடுவதற்கு. மீன் புழுவைச் சும்மா வாயில் வைத்துப் பார்க்கும், அந்தத் தொடுகை கைக்குத் தெரிய வேண்டும், அதே சமயம் முள் புழுவைத் துளைத்துக்கொண்டு மீன் வாயில் ஏறவும் வேண்டும். அடுத்தது மீடியம் ஹெவி, ஜிக் போடுவதற்கு. ஜிக் என்பது ஈயத்தலை வைத்த தடித்த முள், கல்லுக்குள்ளும் கட்டைக்குள்ளும் இறங்கும், அங்கிருந்து மீனை வெளியே கொண்டுவரக் கோலுக்கு முதுகெலும்பு வேண்டும். கடைசியாக ஹெவி. "ஹெவி நமக்குத் தேவையே இல்ல மக்களே, அது பாசிக்காட்டோட சேத்து மீனை இழுக்கதுக்கு. பெருமைக்கு வாங்குறவனுக்குத்தான் ஹெவி." இதைச் சொல்லி முடிக்கும்போது சரியாகப் புன்னைவிளை வந்துவிடும். பிரிஸ்கா இத்தனை நேரமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கரையிலுள்ள தென்னை மரங்களை எண்ணித்தான் இந்த நேரத்தைத் தள்ளுகிறாள் என்று தியோடர் நினைத்துக்கொள்வார், அவரே அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"எனக்கே மனப்பாடம் ஆயிட்டு," என்று மரியதங்கம் துடுப்பைத் தூக்கி வைப்பாள். அவள் ஐம்பது வயதுக்காரி, இருபது வருடமாகத் தோணி விடுகிறவள். "மீனுக்கும் மனப்பாடம் ஆயிருக்கும். அதுதான் உம்ம பக்கம் வராது."

ஆனி மாதம் தியோடர் டவுனுக்குப் போய்ப் புதுக்கோல் ஒன்று வாங்கினார். கடைக்காரர், "எந்த மீனுக்கு சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கொடுவா என்று பதில் சொல்ல வாயெடுத்தபோது, பதினான்கு வருடத்துச் செருப்புகளும் குடையும் ஒன்றாக வந்து குறுக்கே நின்றன. தியோடர் கையை நீட்டி, இருப்பதிலேயே தடித்த ஹெவி கோலைக் காட்டினார். அதற்குத் தக்க பின்னல் நூலும் வாங்கினார், கட்டுமரத்தையே கட்டி இழுக்கலாம் என்று நூல் சுருளின் அட்டையில் படம் போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அந்தக் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெருமைக்கு வாங்குகிறவனைப் பற்றித் தான் தினமும் சொல்கிற வாக்கியம் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போகுமென்று பார்த்துக்கொண்டே வந்தார். அது இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவர் கீழ்க்கரையில் நின்று ஜிக்கை வீசினார். ஜிக் ஆழத்தில் போய் உட்கார்ந்தது, ஒரு தட்டு தட்டியது, மாட்டிக்கொண்டது. ஜிக் போடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: அடியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் கோலைத் தாழ்த்தி நூலைக் கையால் பிடித்து அறுத்துவிட வேண்டும், கோலால் இழுக்கக் கூடாது. தியோடர் இந்த விதியைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது கையில் ஹெவி கோல் இருந்ததால், மாட்டியது கொடுவாதான் என்று முடிவு செய்து, இரண்டு காலையும் மணலில் ஊன்றி இழுத்தார். வேறு எந்தக் கோலாக இருந்தாலும் உடைந்திருக்கும், வேறு எந்த நூலாக இருந்தாலும் அறுந்திருக்கும். இது உடையவில்லை, அறுந்துபோகவில்லை. மாட்டியிருந்தது புன்னைவிளைக் கரையில் நிற்கும் பெரிய புன்னை மரத்தின் வேர், அது காயலுக்கடியில் இவ்வளவு தூரம் வந்திருந்தது. வேரோடு மரம் வந்தது, மரத்தோடு கரை வந்தது, கரையோடு பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அம்மன் கோயிலும் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமையும் ஆறடி இந்தப் பக்கம் வந்தன. அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களின் தம்ளரில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

முதலில் கவனித்தவள் தோணியில் அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்த மரியதங்கம், அங்கிருந்தே கூவினாள். "தியோடரே, என்னத்த இழுக்கீரு? நான் இன்னும் நாலு துடுப்பு போடணும், அதுக்குள்ள கரை வந்து முட்டுது."

"கொடுவா மாட்டியிருக்கு," என்று தியோடர் மூச்சிரைக்கக் கத்தினார்.

"கொடுவாவுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? விடும்."

அவர் விடவில்லை. நூலை ஒரு தென்னையில் சுற்றிக் கட்டி, கோலைச் சிமெண்ட் குழாயில் நட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் ஊர் வந்து பார்த்தது, நூலைத் தொட்டுப் பார்த்தது, அக்கரையைப் பார்த்தது, ஆறடி குறைந்திருப்பதை ஒத்துக்கொண்டது. "மீனைத் தவிர மத்த எல்லாத்தையும் பிடிச்சாச்சு," என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், தியோடரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், பின்னேர டீக்குப் பிறகு தியோடர் கரையை இழுத்தார். பழகப் பழக ஒரு இழுப்புக்கு இரண்டு தென்னை தூரம் வந்தது. ரேஷன் அரிசி சுமக்கிறவர்களுக்கு நல்லதாயிற்று, மழைக்காலத்தில் பிள்ளைகள் தோணியில் நனைய வேண்டியதில்லை என்று தாய்மார்களுக்கு நல்லதாயிற்று, அக்கரையில் பெண் கொடுத்தவர்கள் காலையில் எழுந்ததும் மகளுக்குக் கையசைக்க முடிந்தது. புன்னைவிளைக்குப் பின்பக்கம் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே வயல்கள் கொஞ்சம் நீண்டிருப்பதாகச் சொன்னார்கள். வயல்காரர்களுக்கு அதில் புகார் இல்லை. டவுன் பஸ்ஸுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூடியிருந்தது, அது எப்போதுமே தாமதமாக வருகிற பஸ் என்பதால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புன்னைவிளைப் பெரியவர் சுயம்புலிங்கம் ஒரு நாள் கரையோரம் வந்து நின்று, காயல் குறுகியிருந்ததால் அதிகம் சத்தம் போடாமலே, "எங்கள இழுக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லலாம்லா வேய்," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இழுப்புக்கு முன்னும் இங்கிருந்து ஒருவர் கூவிச் சொன்னார், அங்கே கொடியில் துணி காயப்போட்டிருந்தால் எடுத்துக்கொண்டார்கள், அத்தோடு அந்த மனத்தாங்கல் தீர்ந்தது.

தியோடருடைய வாழ்க்கையில் அது நல்ல காலம். அவர் நடந்து போனால் வலைக்காரர்கள் பீடியைக் கீழே போட்டார்கள். கரைகள் ஒட்டியதும் அந்த இடத்துக்குத் தியோடர் முக்கு என்று பெயர் வைப்பதாகப் பேச்சு வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் யாருமில்லாதபோது அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து ஒரு பிரதி எடுத்துப் பார்த்தார், மை கொஞ்சம் மங்கலாக விழுந்ததால் இன்னொரு பிரதி எடுத்தார்.

ஒன்றே ஒன்றுதான் அவர் எதிர்பார்க்காதது. கரை நெருங்க நெருங்கத் தோணிப் பயணம் குறைந்தது, பயணம் குறையக் குறையப் பாடம் குறைந்தது. ஆடி மாதம் ஹெவியைச் சொல்வதற்குள் புன்னைவிளை வந்துவிட்டது. ஆவணியில் மீடியத்தோடு நின்றது. புரட்டாசி பிறந்தபோது, "மக்களே, பவர்னா என்னன்னு கேட்டா," என்று தொடங்குவதற்குள் தோணி மணலில் ஏறியது. இதில் பிரிஸ்காவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

"போன மாசம் மீடியத்துல விட்டீங்க," என்றாள் பிரிஸ்கா ஒரு நாள் இறங்கும்போது. "மீன் புழுவ வாயில வச்சுப் பாக்கும்ன்னு சொன்னீங்க. பெறவு?"

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே மக்களே."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லலியே."

தோணி காலியாக வேண்டும் என்று மரியதங்கம் அவளை இறக்கிவிட்டாள். பிறகு கொஞ்ச நாளில் தோணியும் ஓட வேண்டியிருக்கவில்லை. காயல் முப்பது அடியாகக் குறைந்ததும், மரியதங்கம் தோணியைக் குறுக்கே போட்டு, இரு முனையிலும் பலகை வைத்துக் கட்டி, நடுவில் உட்கார்ந்து வலை பின்ன ஆரம்பித்தாள். ஜனங்கள் அவளைத் தாண்டித் தாண்டி அக்கரைக்குப் போனார்கள். "இருவது வருசமா நான் ஆளுவள கொண்டுபோனேன்," என்று அவள் தியோடரிடம் சொன்னாள். "இப்ப எம் மேல மிதிச்சிட்டுப் போறாவ. உம்ம கோலுக்கு அம்புட்டு பவரு." தியோடர் பலகையில் கால் அழுந்தாமல் அவளைத் தாண்டிப் போனார்.

பிள்ளைகள் அந்தப் பலகைகளில் ஓடிப் பள்ளிக்கூடம் போனார்கள். பிரிஸ்காவும் ஓடினாள், கால் நிமிடம் ஆயிற்று. தியோடர் முதல் நாள் கூடவே ஓடிப் பார்த்தார், "மக்களே" என்று சொல்ல மட்டும் நேரமிருந்தது.

காயலின் மீன்களெல்லாம் அந்த முப்பதடிக்குள் வந்து நெருங்கின. கொடுவாக்கள் சந்தையில் நிற்கும் ஆட்களைப்போல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. தியோடர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய மீடியம் கோலில் ரப்பர் புழுவைக் கோத்து எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பதினான்கு வருடமாகக் காத்த நாள் இதுதான் என்று முள்ளை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். அப்போது எதிரே ஹெலன் வந்தாள். குடம் கழுவப் போனவள் குடத்துக்குள் தானாக ஏறிவிட்ட கொடுவா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இத எங்கயாவது விடணுமா, இல்ல குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். தியோடர் கோலைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வீட்டுக்குத் திரும்பினார். குழம்பு நன்றாக இருந்தது. அதில் முதல் துண்டு அவருக்குத்தான் வைத்தார்கள், அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

புரட்டாசி முடியப்போகும் நேரத்தில் வலைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஐப்பசியில் மலையில் மழை பெய்யும், ஆறு காயலுக்குள் இறங்கும். அத்தனை தண்ணீரும் முப்பதடிக்குள் எப்படிப் போகும்? ஒன்று, கரைகளை முழுதாக ஒட்டி ஆற்றை வேறு பக்கம் போக விட்டுவிட வேண்டும், காயல் என்று ஒன்று இருக்காது. அல்லது அக்கரையைப் பழைய இடத்துக்கே விட்டுவிட வேண்டும். நூலைத் தாங்கிய தென்னை வேறு தினமும் கொஞ்சம் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஊரும் மரியதங்கத்தின் தோணிக்கு இருபக்கமும் உட்கார்ந்து பேசின. ஒட்டிவிடலாம் என்று பாதிப்பேர், விட்டுவிடலாம் என்று பாதிப்பேர், இரண்டு ஊரிலுமே அப்படித்தான்.

கடைசியில் சுயம்புலிங்கம் கேட்டார், "இழுத்தவரு என்ன சொல்லுதாரு? எந்தக் கோலு வச்சா என்ன ஆவும்?"

தியோடர் இந்தக் கேள்விக்காகத்தான் தன் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். இரண்டு ஊரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, யாரும் எழுந்து போகவில்லை. ஹெவிதான் சரி, ஒரே இழுப்பு, என்று சொன்னால் அத்தோடு தியோடர் முக்கு அவர் பெயரில் நின்றுவிடும். விட்டுவிட்டால் அவர் மறுபடியும் செருப்பு பிடிக்கிற ஆள். ஹெவி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் கோல் விஷயத்தில் தப்பாகச் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. "ஒட்டணும்னா ஹெவி," என்றார். "விடணும்னா சும்மா அறுத்து விடப்பிடாது, அக்கரை குலுங்கும், பள்ளிக்கூடத்துல ஓடு விழும். நூலை லைட் கோலுல மாத்தணும். அது தொட்டா வளையும், எதையும் பிடிச்சு நிறுத்தாது, ரீல லூசா வச்சா கொஞ்சங் கொஞ்சமா நூல விட்டுக்குடுக்கும். கரை சத்தமில்லாம அதும் எடத்துக்குப் போயிரும். ரெண்டு கோலும் எங்கிட்ட இருக்கு." பிறகு நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்: "ஹெவி நமக்குத் தேவையே இல்ல. நான் பெருமைக்கு வாங்குனேன்."

"அது எல்லாருக்கும் தெரியும்," என்றாள் மரியதங்கம்.

அப்போதும் இரண்டு பாதியும் இறங்கி வரவில்லை. இப்படி ஆகும்போது செய்வதற்கு அந்தக் காயல் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டாகப் பிடித்த மீனைக் குவியல் குவியலாக வைத்துப் பங்கு போடும்போது, இந்தக் குவியல் எனக்கு அந்தக் குவியல் உனக்கு என்று தகராறு வந்தால், பத்து வயதுக்குள் உள்ள ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பிள்ளை தொட்டதுதான் பங்கு, அதற்குப் பிறகு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளைக்கு அந்த முறை வரும். அந்த வருடத்து முறை பிரிஸ்காவுக்கு. வீடு இக்கரையில், படிப்பு அக்கரையில் என்பதால் புன்னைவிளைக்காரர்களும் சரி என்றார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன், மணலில் இரண்டு கோல்களையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். வானம் கிழக்கே கறுத்திருந்தது. பிரிஸ்கா புத்தகப் பையோடு வந்து நின்றாள். தியோடர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் தன் முகம் கோல்களில் ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று திரும்பி நின்று தென்னையின் சாய்வை அளந்துகொண்டிருந்தார். தியோடர் முக்கிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பெண் என்று நாலு பேர் சொல்வதை எந்த மகள்தான் வேண்டாம் என்பாள், என்று நினைத்தார். பிறகு, அப்பாவைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு அவள் ஒருபோதும் நின்றதில்லையே என்றும் நினைத்தார்.

"எதத் தொட்டாலும் சரிதான் மக்களே," என்றார் சுயம்புலிங்கம். "ஒண்ணும் பேச மாட்டோம்."

பிரிஸ்கா பையைக் கீழே வைத்தாள். "லைட் கோலுல விட்டா, அக்கரை எவ்வளவு தூரத்துக்குப் போவும்?"

"பழைய தூரத்துக்கு," என்றாள் தோணிக்குள்ளிருந்து மரியதங்கம். "பன்னெண்டு நிமிசம்."

பிரிஸ்கா குனிந்து லைட் கோலை எடுத்தாள்.